‘இதுல படமும் ஓடும்பா’: பல வேலை செய்யும் விளையாட்டுப் பெட்டிகள் ஏன் விலைபோவதில்லை

2002ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் ஒரு கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். மேசையின்மேல் கறுப்பு நிறத்தில் ஒரு பிளேஸ்டேஷன் 2. போனஸ் பணம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஆசை முழுவதும் என்னிடமும் தம்பியிடமும் இருந்தது. கடைக்காரர் ஒரு கார் பந்தய விளையாட்டை ஓடவிட்டு, அதன் அழகை அளந்துகொண்டிருந்தார். அப்பா திரையைப் பார்க்கவேயில்லை. “இதில் டிவிடி போட்டால் படம் ஓடுமா?” என்று மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கடைக்காரர் விளையாட்டை நிறுத்திவிட்டு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். அப்பா பத்து நிமிடம் நின்றபடியே பார்த்தார். பிறகு பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

அந்தக் கேள்வியை நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு மாதமாக வீட்டில் “இதுல படமும் ஓடும்பா” என்று ஓதிக்கொண்டிருந்ததன் பலன் அது. விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றைப் பின்னாளில் ஊன்றிப் படித்தபோது, இந்த ஒரு வாக்கியத்தை நம்பியே பல நிறுவனங்கள் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டியிருப்பதும், அவற்றில் பெரும்பாலானவை தோற்றுப்போனதும் தெரியவந்தது. படம், பாட்டு, தொலைபேசி, தொலைக்காட்சி, இணையம் என எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் வாங்குபவர் மகிழ்வார் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் பிளேஸ்டேஷன் 2இல் பலித்ததைப்போல அதற்கு முன்னும் பலிக்கவில்லை, பின்னும் பலிக்கவில்லை. காரணத்தைத் தேடுவதற்குப் பொறியியலைவிட எங்கள் வீட்டு வரவேற்பறையே நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டுக் கருவியை விரும்புபவர் ஒருவர், அதற்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. கூடுதல் வசதி என்பது விரும்புபவருக்குத் தேவையே இல்லை. பணம் கொடுப்பவரைச் சம்மதிக்க வைப்பதற்கான சாக்கு அது. சாக்கு என்ற சொல்லை நான் இழிவாகச் சொல்லவில்லை. நல்ல சாக்குக்குப் பெரிய வேலை இருக்கிறது. 1983இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளிவந்த நிண்டெண்டோவின் கருவிக்கே ‘குடும்பக் கணினி’ என்ற பொருள் தரும் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்கு விசைப்பலகையும் பேசிக் என்ற நிரல்மொழியும் அடுத்த ஆண்டே வந்தன. அதே கருவி 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது, வீடியோ விளையாட்டு என்ற பேச்சைக் கேட்டாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது என்பதால், ஒரு சிறிய பிளாஸ்டிக் ரோபோவைச் சேர்த்துப் ‘பொம்மை’ என்று விற்றார்கள். அந்த ரோபோவைப் பயன்படுத்த இரண்டே இரண்டு விளையாட்டுகள்தாம் வந்தன. கடைக்குள் நுழைவதற்கு வேண்டியிருந்த அனுமதிச் சீட்டு அது. நுழைந்த பிறகு அதை யாரும் தேடவில்லை.

சீனாவில் இந்தச் சாக்கு இன்னும் சிறப்பாக வேலை செய்தது. நிண்டெண்டோ கருவியின் நகலுக்கு ஒரு விசைப்பலகையைப் பொருத்தி, ‘கற்றல் கருவி’ என்று பெயர் சூட்டி, ஜாக்கி சானை விளம்பரத்தில் நிறுத்தி, சுபோர் நிறுவனம் 1990களில் அதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. பிள்ளை தட்டச்சுப் பழகுகிறான் என்று பெற்றோர் நம்பினார்கள், அல்லது நம்புவதுபோல் இருந்தார்கள். நம் ஊரில் தைவானிலிருந்து வந்த மைக்ரோ ஜீனியஸ் கருவிக்கு அந்த ஒப்பனைகூடத் தேவைப்படவில்லை, ஏனெனில் அதன் விலையே போதுமான சாக்காக இருந்தது. இந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கூடுதல் வசதியால் விலை ஏறவில்லை, அல்லது ஏறியது கண்ணில் படவில்லை.

விலை ஏறும்போது கணக்கே மாறிவிடுகிறது. 1993 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்த 3டிஓ என்ற கருவியைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸின் கனவு அது: விளையாட்டு, இசை வட்டு, புகைப்பட வட்டு, கூடுதல் அட்டை பொருத்தினால் திரைப்படம் என்று வரவேற்பறைக்கே ஒரு பொதுத் தரத்தை உருவாக்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அவருடைய நிறுவனம் கருவியைத் தயாரிக்கவில்லை. வடிவமைப்பை பானாசோனிக், சான்யோ, கோல்ட்ஸ்டார் போன்றவர்களுக்கு உரிமம் கொடுத்தது. பானாசோனிக்கின் கருவி 700 டாலருக்கு வந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல்.

இந்த விலைக்கு ஆடம்பரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் வணிக அமைப்பிலேயே இருந்தது. விளையாட்டுக் கருவித் தொழிலின் அடிப்படை வழக்கம், பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் கீழாகவோ விற்றுவிட்டு, பின்னால் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு பங்கை வாங்கி ஈடுகட்டுவதுதான். 3டிஓவில் அந்தப் பங்கு, வட்டு ஒன்றுக்கு 3 டாலர், ஹாக்கின்ஸின் நிறுவனத்துக்குப் போனது. பெட்டியைச் செய்த பானாசோனிக்குக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆகவே அது தன் இலாபத்தைப் பெட்டியின் விலையிலேயே வைத்தாக வேண்டியிருந்தது. வீட்டு மின்சாதனம் விற்பவரின் கணக்கும் விளையாட்டு விற்பவரின் கணக்கும் வெவ்வேறு திசையில் இழுக்கும்போது, நடுவில் நிற்கும் வாங்குபவரின் தலையில்தான் பாரம் விழும். 1995 செப்டம்பரில் சோனி தன் முதல் பிளேஸ்டேஷனை அமெரிக்காவில் 299 டாலருக்கு இறக்கியது. அடுத்த ஆண்டோடு 3டிஓவின் கதை முடிந்தது.

பிலிப்ஸின் சிடி-ஐ கருவி (1991) இதற்கு மூத்த சகோதரன். கலைக்களஞ்சியம், அருங்காட்சியகச் சுற்றுலா, கோல்ஃப் ஆட்டம் என்று அதன் வட்டுகளின் பட்டியலைப் பார்த்தாலே, அதை யாருக்காகச் செய்தார்கள் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை என்பது புலப்படும். ஆனால் நம் பகுதிக்கு அதில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. சிடி-ஐ கருவியில் முழுநீளத் திரைப்படம் பார்க்க, தனியே விற்ற ஒரு காணொலி அட்டையைப் பொருத்த வேண்டியிருந்தது. அதே பிலிப்ஸ் 1993இல் சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகியவற்றோடு சேர்ந்து விசிடி தரத்தை வகுத்தது. சில ஆண்டுகளில் ஆசியா முழுவதும் விசிடி கருவிகள் குவிந்தன. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பளத்துக்கும் சோளத்துக்கும் நடுவே விசிடி அடுக்கி விற்ற காலத்தைக் கண்டவர்களுக்கு அதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. படம் பார்ப்பதற்கு மட்டுமேயான ஒரு மெல்லிய பெட்டி மலிவாகக் கிடைக்கும்போது, ‘இதிலும் படம் ஓடும்’ என்ற சாக்கு சாகிறது. சோனி இதை ஓரளவு உணர்ந்திருந்தது போலும். 1990களின் பிற்பகுதியில் ஆசியச் சந்தைக்கென்றே, விசிடி ஓடக்கூடிய ஒரு வெள்ளை நிற பிளேஸ்டேஷனை வெளியிட்டது. இன்று அது சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாக இருப்பதே, அன்று அதை எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் போதுமானது.

எந்தக் கடையில், எந்த அலமாரியில் வைப்பது என்பதும் சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். ஆனால் பல கருவிகள் அங்கேயே வழி தவறின. கமடோர் நிறுவனம் 1991இல் வெளியிட்ட சிடிடிவி, உள்ளே ஓர் அமிகா 500 கணினி. வெளியே, ஒலிநாடாக் கருவியோடு அடுக்கி வைக்கத் தோதான கறுப்புப் பெட்டி. கணினி என்ற சொல்லைக் கேட்டால் குடும்பங்கள் மிரளும் என்று, அதை விசைப்பலகையும் மவுஸும் இல்லாமல், தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியோடு விற்றார்கள். இசைக்கருவி விற்பவருக்கு அமிகாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அமிகா தெரிந்தவரோ, இதைவிடக் குறைந்த விலையில் உண்மையான அமிகாவையே வாங்கிக்கொண்டார். ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2ஐக் கணினி என்று வகைப்படுத்தினால் சுங்க வரி குறையும் என்பதற்காக, சோனி அதனுடன் பேசிக் நிரல்மொழி அடங்கிய வட்டைச் சேர்த்து விற்றதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சாக்கு சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டியவர்களின் வரிசையில் அப்பாக்களோடு சுங்க அதிகாரிகளும் நின்றிருக்கிறார்கள்.

பல வேலைகளை ஒரே உடலில் கட்டுவதன் ஆபத்தை மிக நேரடியாகக் காட்டியது கொலிகோ நிறுவனத்தின் ஆடம் (1983). விளையாட்டுக் கருவியையும் வீட்டுக் கணினியையும் அச்சுப்பொறியையும் ஒரே பெட்டியில் போட்டு விற்ற அந்தத் தொகுப்பில், மின்சாரம் வழங்கும் பகுதியை அச்சுப்பொறிக்குள் வைத்திருந்தார்கள். அச்சுப்பொறி பழுதானால் கணினியும் இல்லை, விளையாட்டும் இல்லை. போதாக்குறைக்கு, கருவியை முடுக்கும்போது எழும் மின்காந்த வீச்சு, உள்ளே விட்டுவைத்த நாடாவில் இருப்பதை அழித்துவிடக்கூடியதாகவும் இருந்தது. 1985 தொடக்கத்திலேயே கொலிகோ அதைக் கைவிட்டது. மூன்று பொருளை ஒன்றாக வாங்கினால் மூன்றும் ஒன்றாகப் பழுதாகும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த ஆய்வும் இல்லாமல் அறிந்திருக்கிறார்கள். வானொலியும் ஒலிநாடாவும் இசைத்தட்டும் சேர்ந்த ‘காம்போ’ பெட்டிகள் பலவற்றை அவர்கள் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இப்போது இம்பி பிளாசாவுக்குத் திரும்பலாம். அப்பாவிடம் என் சாக்கு ஏன் எடுபட்டது? பிளேஸ்டேஷன் 2, 2000 மார்ச் மாதம் ஜப்பானில் 39,800 யென்னுக்கும், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் 299 டாலருக்கும் வெளிவந்தபோது, டிவிடி கருவி ஒன்றைத் தனியே வாங்குவதே பெரிய செலவு. ரிங்கிட் அப்போது டாலருக்கு 3.80 என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது; 299 டாலர் என்பது 1,136 வெள்ளி. வீட்டில் விசிடி கருவி பழசாகியிருந்தது, டிவிடிக்கு மாறலாமா என்ற பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எப்படியும் செலவாகப்போகும் பணத்தை வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிட்டதுதான் நான் செய்த வேலை. அதோடு, டிவிடி என்பது எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொதுத் தரம். கடையில் வட்டு கிடைக்கும், போட்டால் ஓடும். எந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தின் தயவும் தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை, எந்தக் கம்பியும் பதிக்க வேண்டியதில்லை. இந்தப் பொருத்தமெல்லாம் ஒரே நேரத்தில் கூடிவருவது அபூர்வம். பதினைந்தரைக் கோடிக்கு மேல் விற்ற அந்தக் கருவியின் வெற்றியில் டிவிடிக்கு எவ்வளவு பங்கு, விளையாட்டுகளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் டிவிடி வாசலைத் திறந்தது, விளையாட்டுகள் உள்ளே உட்கார்ந்துகொண்டன என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

அந்தப் பொருத்தத்தில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் என்ன ஆகும் என்பதையும் அதே காலம் காட்டியது. 2001இல் வந்த மைக்ரோசாப்டின் முதல் எக்ஸ்பாக்ஸாலும் டிவிடி ஓட்ட முடியும். ஆனால் அதற்கு 30 டாலர் கொடுத்துத் தொலைக்கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தனியே வாங்கியாக வேண்டும். டிவிடி உரிமக் கட்டணத்தை எல்லாப் பெட்டிகளின் தலையிலும் ஏற்றாமல், தேவைப்படுபவரிடம் மட்டும் வசூலிக்கும் ஏற்பாடு அது. கணக்கர் பார்வையில் அது நியாயம். கடை மேசைக்கு முன்னால் நிற்கும் அப்பாவுக்கு, ‘ஓடும், ஆனால்…’ என்பது ‘ஓடாது’ என்பதற்குச் சமம். வட்டார எல்லைகள் இன்னொரு சிக்கல்: டிவிடி வணிகத்தில் மலேசியா 3ஆம் வட்டாரம், ஜப்பான் 2ஆம் வட்டாரம், இந்தியா 5ஆம் வட்டாரம். ஜப்பானிலிருந்து நேரே இறக்குமதியான கருவியில் இங்கே முறையாக விற்கும் 3ஆம் வட்டார வட்டு ஓடாது. அந்த நேரத்தில் சந்தைக்கு வந்துகொண்டிருந்த மலிவான சீனத் தயாரிப்பு டிவிடி கருவிகளில் பல, எந்த நாட்டு வட்டையும் கேள்வி கேட்காமல் ஓட்டின. அவை விலை குறையக் குறைய, ‘படமும் ஓடும்’ என்ற வாதத்தின் மதிப்பும் குறைந்தது.

ஆகவே, நிண்டெண்டோவின் கேம்கியூபில் டிவிடி வசதி சேர்த்து பானாசோனிக் 2001 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட ‘கியூ’, பார்க்க அழகான பொருளாக இருந்தும், 39,800 யென் விலையில் சுமார் இரண்டு ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. சோனியே தன் வெற்றியைத் தவறாகப் படித்தது என்பது அதைவிட வியப்பு. 2003 டிசம்பரில், பிளேஸ்டேஷன் 2ஐயும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து டிவிடியில் எழுதும் கருவியையும் இணைத்து, பிஎஸ்எக்ஸ் என்ற பெயரில் 79,800 யென்னுக்கும் 99,800 யென்னுக்கும் இரண்டு மாதிரிகளை ஜப்பானில் இறக்கியது. அறிவித்த வசதிகளில் சிலவற்றை வெளியீட்டுக்கு முன்பே கழற்றியிருந்தார்கள். பதிவுக் கருவி வேண்டியவர் விளையாட்டுக்குப் பணம் கொடுக்க விரும்பவில்லை. விளையாட்டு வேண்டியவரிடம் பிளேஸ்டேஷன் 2 ஏற்கெனவே இருந்தது. ஜப்பானைத் தாண்டாமலே 2005இல் அது மறைந்தது.

கையடக்கக் கருவிகளில் இதே கதை வேகமாக நடந்தது. நோக்கியாவின் என்-கேஜ் 2003 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. தொலைபேசி, பாட்டு, வானொலி, விளையாட்டு எல்லாம் ஒன்றில். விளையாட்டு அட்டையை மாற்ற வேண்டுமானால், பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அட்டையை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் மாட்டி, தொலைபேசியை மீண்டும் முடுக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் உங்களுக்கு யாரும் அழைக்க முடியாது. பேசும்போதோ, கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக் காது முளைத்ததுபோல் நிற்க வேண்டும். நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி அப்போது 100 டாலர். இந்த வேறுபாட்டில், அதாவது சுமார் 760 வெள்ளியில், காதில் ஒழுங்காக வைத்துப் பேசக்கூடிய ஒரு தொலைபேசியைத் தனியே வாங்கிவிடலாம். மறு ஆண்டு வந்த திருத்திய மாதிரியில் அட்டையை வெளியிலிருந்தே செருக வழி செய்தார்கள், காதில் நேராக வைத்தும் பேசலாம். ஆனால் எம்பி3, வானொலி இரண்டையும் நீக்கிவிட்டார்கள். வசதியைக் கழித்த பிறகுதான் கருவி பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாறியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஜிபிஎஸ், கேமரா, குறுஞ்செய்தி என்று எல்லாம் சேர்ந்து 2005இல் வந்த கிஸ்மோண்டோ ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

பிளேஸ்டேஷன் 3ஐத் தோல்வி என்று சொல்ல முடியாது, வெற்றி என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. 2006 நவம்பரில் 60 ஜிபி மாதிரி 599 டாலர், அதாவது 2,100 வெள்ளிக்கு மேல். டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே வட்டுக்கான படக்கருவிகள் தனியே அதைவிட விலை அதிகமாக இருந்த காலம் என்பதால், காகிதத்தில் பார்த்தால் பிளேஸ்டேஷன் 2இன் கணக்கு அப்படியே திரும்பியது. ஆனால் ஒரு வேறுபாடு. டிவிடிக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் 2000இல் வீடுகளில் தானாகவே எழுந்திருந்தது; புளூ-ரேக்கு மாற வேண்டும் என்ற எண்ணத்தை 2006இல் சோனிதான் ஊட்ட வேண்டியிருந்தது. உயர்தெளிவுத் தொலைக்காட்சி இல்லாத வீட்டில் புளூ-ரே ஒரு சாக்காகக்கூட உதவாது. அந்தப் புதிய வட்டுக்கு வேண்டிய நீல லேசர் உறுப்புகளின் பற்றாக்குறையால் ஐரோப்பிய வெளியீடே 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. படம் பார்க்கும் வசதி, விளையாட விரும்பியவர்களைக் காத்திருக்க வைத்தது. அந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் இயக்க நட்டம் கண்டது. தொடக்கத்தில் பெருமையாகச் சொன்ன லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் வசதியை 2010 ஏப்ரலில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் வழியாகச் சோனியே பறித்துக்கொண்டது. கூடுதல் வசதிக்காகப் பணம் கொடுத்தவருக்கு, அது தன் சொத்து அன்று, நிறுவனம் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது என்று அன்றுதான் புரிந்திருக்கும்.

இந்த வரிசையில் அதிகம் பேச வேண்டியது எக்ஸ்பாக்ஸ் ஒன். 2013 மே 21 அன்று அதை அறிமுகப்படுத்திய மேடையில், மைக்ரோசாப்ட் தொலைக்காட்சியைப் பற்றித்தான் நெடுநேரம் பேசியது: அலைவரிசை மாற்றுவது, விளையாட்டரங்க நேரலை, அமெரிக்கக் கால்பந்துச் சங்கமான என்எஃப்எல்லுடன் ஒப்பந்தம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டுகளுக்காகக் காத்திருந்தார்கள். விலை 499 டாலர். அசைவையும் குரலையும் உணரும் கினெக்ட் கருவியைச் சேர்த்தே வாங்கியாக வேண்டும். அடுத்த மாதம் சோனி, பிளேஸ்டேஷன் 4இன் விலை 399 டாலர் என்று அறிவித்தது. அந்த 100 டாலர் வேறுபாடு கினெக்டுக்கானது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இணையத்தில் நாளுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்ற விதியும், பழைய வட்டை மறுவிற்பனை செய்வதில் கட்டுப்பாடும் சேர்ந்து எரிச்சலைப் பெருக்கின; அவற்றை ஜூன் 19 அன்று திரும்பப் பெற்றார்கள்.

தொலைக்காட்சி வசதி எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் டிகோடரிலிருந்து வரும் கம்பியைத் தொலைக்காட்சியில் செருகாமல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் பின்புறத்தில் செருக வேண்டும். அங்கிருந்து இன்னொரு கம்பி தொலைக்காட்சிக்குப் போகும். ஆகவே, தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் விளையாட்டுக் கருவி முடுக்கப்பட்டிருக்க வேண்டும். இதைச் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ ஒரு தமிழ் வீட்டில் வைத்து நினைத்துப் பார்க்கலாம். மாலை ஏழு மணிக்கு அம்மா, செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவில் தமிழ்த் தொடர் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் மகனுடைய கருவியை முடுக்கி, அவனுடைய கணக்கின் முகப்பைக் கடந்து, தொலைக்காட்சிப் பகுதியைத் தேடிப்பிடிக்க வேண்டும். மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் அம்மா யாரைக் கூப்பிடுவார்? முன்பு ஒரு பொத்தானில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று படிகள். நிகழ்ச்சி நிரல் காட்டும் வசதியும் குரல் கட்டளையும் குறிப்பிட்ட சில நாடுகளுக்கும் மொழிகளுக்கும் மட்டுமே எட்டின. மலாயும் தமிழும் அந்தப் பட்டியலில் இல்லை. முதற்கட்டமாக 13 நாடுகளில் வெளியானபோது மலேசியாவும் இல்லை. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கிடைத்தவை வெளிநாட்டிலிருந்து தனியார் இறக்கியவை. இங்கே அதை வாங்கியவர், தன்னால் பயன்படுத்தவே முடியாத அமெரிக்க வரவேற்பறை ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டினார். 499 டாலர் அப்போது சுமார் 1,600 வெள்ளி. தீபகற்பத்தில் அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி.

எனக்குத் தெரிந்தவரை இதுதான் அடிமுடிச்சு. சாக்கு எப்போதும் பணம் கொடுப்பவரின் வாழ்க்கையை எளிதாக்குவதாக இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 அப்பாவுக்கு ஒரு டிவிடி கருவியைக் கொடுத்தது. அவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னோ, வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த தொலைக்காட்சியைப் பிடுங்கி, விளையாடுபவனுடைய பெட்டிக்குப் பின்னால் கட்டிவைத்தது. ஒரே தொலைக்காட்சி உள்ள வீட்டில் பல வேலை செய்யும் கருவி என்பது, பல பேர் ஒரே நேரத்தில் கேட்கும் கருவி. படம் ஓடும்போது விளையாட முடியாது, விளையாடும்போது படம் பார்க்க முடியாது. எங்கள் வீட்டிலும் பிளேஸ்டேஷன் 2 வந்த மூன்றாம் வாரமே அந்தச் சண்டை தொடங்கியது. ஓராண்டுக்குள் அப்பா 200 வெள்ளிக்குள் தனியாக ஒரு டிவிடி கருவி வாங்கிவந்தார். சாக்கு தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வு பெற்றது.

மைக்ரோசாப்ட் பாடத்தை விரைவாகவே படித்தது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத 399 டாலர் மாதிரி வந்தது. சொந்தமாகத் தொடர்கள் தயாரிக்கத் தொடங்கியிருந்த கலைக்கூடத்தை மூடுவதாக அதே கோடையில் அறிவித்தது. விளையாடிக்கொண்டே ஓரமாகத் தொலைக்காட்சி பார்க்கும் வசதியைப் பின்னர் நீக்கியது. 2017இல் கினெக்ட் தயாரிப்பையே நிறுத்தியது. அதற்குள் காலம் போய்விட்டிருந்தது. அந்தத் தலைமுறையில் சோனி தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றதை, பிரேசில் போட்டி ஒழுங்குமுறை அமைப்பின்முன் 2022இல் மைக்ரோசாப்டே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

நிண்டெண்டோவின் கதை இதற்கு எதிர்முனை. 2012இன் வீ யூ, கையில் பிடிக்கும் திரையையே தொலைக்காட்சி வழிகாட்டியாக்கும் டிவிஐ என்ற சேவையோடு வந்தது. ஐரோப்பாவுக்கு அது வந்துசேரவே இல்லை, வட அமெரிக்காவில் 2015இல் மூடப்பட்டது. கருவி மொத்தமே ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சத்தைச் சற்றே தாண்டியது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்சில் இணைய உலாவி இல்லை, நெட்பிளிக்ஸ் இல்லை, படவட்டுக்கு இடமே இல்லை. 15 கோடிக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியிலேயே நெட்பிளிக்ஸ் மலேசியாவுக்கு வந்துவிட்டது, புதிதாக வாங்கும் தொலைக்காட்சிகளில் அது பதிந்தே வந்தது. அந்த வசதியைக் கருவியில் சேர்க்க வேண்டிய தேவையை நிண்டெண்டோ காணவில்லை. வீட்டிலும் வெளியிலும் விளையாடலாம் என்பது ஸ்விட்சின் இரட்டை வேலைதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் இரண்டுமே விளையாடுபவரின் வேலை. முக்கியமாக, அம்மாவுக்குத் தொலைக்காட்சி வேண்டும்போது அதைத் தாங்கியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடலாம்.

போன வருடக் கடைசியில் லோ யாட்டில் ஒரு கடையில் நின்றபோது, பத்து வயதுப் பையனோடு வந்திருந்த ஒருவர், பிளேஸ்டேஷன் 5 புரோவைக் காட்டி, இதில் புளூ-ரே படம் போடலாமா என்று விசாரித்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் 700 டாலருக்கு வந்த கருவி அது. அதற்கு முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் 3டிஓ வந்த அதே விலை. அதில் வட்டு போடும் வாயே கிடையாது. கடைக்காரர் குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்து மேசையின்மேல் வைத்தார். வட்டு இயக்கி, தனி விலை. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வீட்டு டிவியிலதான் எல்லாம் வருதே” என்று பையனிடம் சொல்லி, அந்தச் சிறிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பையன் பெரிய பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.